பள்ளி வளாகங்களின் வரலாறும் வருங்காலமும்
கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆவணங்களையும் இலக்கியங்களையும் கல்வெட்டுக்களையும் நாடுவர். கட்டடங்களை நாடும்போது கோயில், பள்ளிவாசல், கோட்டை, மாளிகை என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுவர். பொதுமக்கள் தம் இளமைப் பருவம் முழுவதும் நாள்தோறும் புகுந்து வெளிவந்த பள்ளிக்கூடம் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப்படுவது அரிது. அது பயன்படு பொருள். பழுதுற்றால் இடித்துவிட்டு மாடிக் கட்டடம் அமைக்கலாம் என்பதே பொதுவான மனப்பாங்கு. இம்மனப்பாங்கு எவ்வாறு உருவாயிற்று, அதனால் இழக்கப்படுவது யாது, பழைய பள்ளி வளாகங்களைப் பேணுவதும் அவற்றுக்குப் புதுப்பயன் வகுப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவனவா என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் களம், மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்று வரை நீளும் அம்பாறை மாவட்டக் கரையோரமாகும். எனினும் இப்பிரதேசத்தை மட்டும் தனித்து நோக்கின் பிரச்சினை முழுமையாகத் துலங்காது. ஆதலின் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையும் திருநெல்வேலியும், மட்டக்களப்பு வந்தாறுமூலையும் ஒப்புநோக்குக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மூன்றும் பள்ளி வளாகங்களாக இருந்து வேறு பயன் பெற்றவை; மூன்றும் மூவேறு பாடங்களைத் தருவன.

1. சொல்லும் கட்டடமும்

'பள்ளி' என்னும் சொல்லின் வரலாறே ஒருவகையில் இடங்கள் பயன் மாறிய வரலாறாகும். பழந்தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களில் அது சமணத் துறவியர் தங்கிய குகையைச் சுட்டிற்று. சோழர் காலத்துப் 'பள்ளிச்சந்தம்' சமண, பௌத்த நிறுவனங்களுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. துறவியர் உறைந்த இடமே கல்வி பயிற்றிய இடமாகவும் இருந்தமையால் கல்விக்கூடத்துக்கு அப்பெயர் நிலைத்தது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தம் தொழுகைத் தலத்துக்கும் அதே சொல்லை ஏற்றுப் 'பள்ளிவாசல்' என்றனர். கிழக்கிலங்கையில் இன்றும் ஒருவர் 'பள்ளிக்குப் போகிறேன்' என்றால், அவர் தொழப் போகிறாரா படிக்கப் போகிறாரா என்பதைப் பேசுவோரின் ஊரையும் நேரத்தையும் கொண்டே உணர வேண்டும். சமணம், பௌத்தம், சைவம், இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய அனைத்தும் ஏதோ ஒரு காலத்தில் இச்சொல்லுள் புகுந்து வாழ்ந்துள்ளன. ஓர் இடம் ஒரு சமூகத்துக்கு மட்டுமே என்றும் உரியது என்னும் வாதத்தை இச்சொல்லே மறுத்து நிற்கின்றது எனலாம்.

இச்சொல் சுட்டிய கட்டடமோ எளிமையானது. திண்ணையிலும் மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் நிகழ்ந்த எண்ணெழுத்துக் கல்வியும், லெப்பைமார் வீட்டு முற்றத்திலும் பள்ளிவாசற் புறத்திலும் நிகழ்ந்த குர்ஆன் ஓதலும் தமக்கெனத் தனிக் கட்டடத்தை வேண்டவில்லை. கல்விக்கென அமைந்த பொதுக் கட்டடம் என்பது இப்பிரதேசங்களில் மிஷனரிமாரோடும் குடியேற்ற ஆட்சியோடும் வந்த ஒன்று. அதற்கு முன் கல்விக்கு ஆசிரியர் இருந்தார், வளாகம் இருக்கவில்லை.

2. வட்டுக்கோட்டை: தேவாலயத்துட் பிறந்த கல்விக்கூடம்

ஈழத்துக் கல்வி வளாகங்களுள் கட்டட அமைதியால் மிக வேறுபட்டது வட்டுக்கோட்டையாகும். இங்கு போர்த்துக்கேயர் எழுப்பிய தேவாலயத்தை ஒல்லாந்தர் 1678இல் மீளக் கட்டினர். ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தபின் அது கவனிப்பாரற்றுக் கூரையிழந்து நின்றது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் அடுத்த ஆண்டில் இவ்விடத்தைப் பெற்றுப் பழுதுபார்த்துக் குடியேறினர். 1823இல் டானியல் பூவரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டைச் செமினரி இங்கு தொடங்கிற்று. ஆகவே, அந்நாளைய தென்னாசியாவின் குறிப்பிடத்தக்க உயர்கல்வி நிலையங்களுள் ஒன்று, புதிதாகக் கட்டப்பட்ட மண்டபத்தில் அன்றி, மூன்றாவது உரிமையாளரின் கைக்கு வந்த பழைய கட்டடத் தொகுதியிலேயே பிறந்தது.

இதன் முக்கியத்துவம் கவனிக்கத்தக்கது. மிஷனரிமார் பழைய கட்டடத்தைக் காத்தது தொல்பொருட் பற்றினால் அன்று. புதிது கட்டப் பணமும் அனுமதியும் எளிதிற் கிடையாமையாலேயே ஆகும். தடித்த சுவரும் உயர்ந்த உள்ளகமும் கொண்ட ஒல்லாந்தர் காலக் கட்டடம் வெப்பத்தைத் தாங்கியது. பெருந்தொகையினர் ஒருங்கிருக்க இடந்தந்தது. பனைமரத்தாலும் உள்ளூர்க் கைவினைஞராலும் கூரை மீளவும் ஏற்றப்பட்டது. பயன்பாடே கட்டடத்தைக் காத்தது. பயனற்று நின்றிருப்பின் அதன் கற்கள் வேறு வீடுகளுக்கு அத்திவாரமாகியிருக்கும்.

செமினரியின் வரலாறு முப்பத்திரண்டு ஆண்டுகளில் முடிந்தது. தாய்மொழிவழிச் சமயப் பணிக்கே முதன்மை தரவேண்டும் என்ற அமெரிக்கத் தலைமைப்பீடத்தின் கொள்கை மாற்றத்தால் 1855இல் அது மூடப்பட்டது. ஆனால் அதன் பயன் அங்கு முடியவில்லை. 1841இல் தோன்றிய உதயதாரகை இதழின் ஆசிரியர்கள் இச்செமினரியின் விளைச்சல். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இங்கு பயின்றவர்களே. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வளாகத்தில் எழுந்தது. தேவாலயம் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்துக்குரிய பேராலயமாயிற்று. நூற்றாண்டு கடந்தபின், 1974இல் யாழ்ப்பாண வளாகம் அமைக்கப்பட்டபோது, கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவே விஞ்ஞான பீடத்துக்கு முதல் இருப்பிடம் அளித்தது. ஒரே நிலம் தேவாலயமாகவும் செமினரியாகவும் கல்லூரியாகவும் பல்கலைக்கழகப் பீடமாகவும் பயன் மாறியும், ஒவ்வொரு மாற்றமும் முந்தியதை முற்றாக அழிக்கவில்லை. இதனையே வட்டுக்கோட்டையின் முதற் பாடமாகக் கொள்ளலாம்.

3. திருநெல்வேலியும் வந்தாறுமூலையும்

1921இல் சேர். பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியிற் பரமேஸ்வரக் கல்லூரியை நிறுவினார். 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென அவர் நிறுவிய கல்லூரியைப் போலவே, மிஷனரிக் கல்விக்கு மாற்றாகச் சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி என்பதே இதன் இலட்சியம். ஆதலால் வளாகத்தின் நடுவே கோயிலும் இடம்பெற்றது. வட்டுக்கோட்டையில் தேவாலயம் கல்விக்கூடமாயிற்று எனில், இங்கு கல்விக்கூடம் கோயிலைத் தன்னுள் வைத்துக் கட்டப்பட்டது. சமயப் போட்டி இருவேறு கட்டட உருவங்களைத் தந்தது எனினும், கல்வியையும் வழிபாட்டையும் ஒரு மதிலுக்குள் வைக்கும் கருத்து இரண்டுக்கும் பொதுவாகும்.

1974 ஒக்டோபரில் இவ்வளாகத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவரானார். தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமைய வேண்டும் என்ற கோரிக்கை முன்னரே இருந்தமையால் இந்நிகழ்ச்சி அரசியல் வாதப் பிரதிவாதங்களுக்கு இடமளித்தது. அவ்வாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. ஒரு பல்கலைக்கழகம் பிறந்தபோது ஒரு பள்ளிக்கூடம் மறைந்தது. பெற்றது பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இழந்தது யாது என்பதை எழுதி வைக்கும் பொறுப்பு புதிய நிறுவனத்துக்கு உண்டு. கோயிலும் பழைய முகப்பும் வளாகத்தில் நிலைத்தமையால், பரமேஸ்வரக் கல்லூரி என்னும் பெயர் இன்றும் நினைவில் நிற்கின்றது. கட்டடம் நின்றதால் நினைவு நின்றது.

வந்தாறுமூலையின் கதை வேறு. 1940களில் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, கிராமப்புறத்தில் உயர்தரக் கல்வி அளிக்கவென மத்திய பாடசாலைகள் அமைக்கப்பட்டன. இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நகரத்து மிஷன் கல்லூரிகள் எட்டாத விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விடுதி வசதியோடு வாயில் திறந்த முதல் வளாகங்கள் இவையே. இவ்வகையைச் சேர்ந்த வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளாகத்தில் 1981 ஓகத்து முதலாந் திகதி மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. சமய மேட்டிமையோ வள்ளன்மையோ அன்றி, மக்களாட்சி தந்த கல்வியுரிமையே இவ்வளாகத்தின் அத்திவாரம்.

ஆனால் இவ்வளாகத்தின் நினைவு கல்வியோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது சுற்றுவட்டாரக் கிராமத்தவர் பல்லாயிரவர் பல்கலைக்கழகத்துள் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி 158 பேர் அங்கிருந்து இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. விரிவுரை மண்டபமாக மீண்டுவிட்ட ஒரு கட்டடம், தாய்மாருக்கு மகனை இறுதியாகக் கண்ட இடமாகவும் இருக்கின்றது. இத்தகைய வளாகத்தைப் புதுப்பிக்கும்போது எதனைப் பேணுவது என்ற வினா பொறியியலாளரின் வினா மட்டுமன்று. 1981 யூனில் எரியுண்ட யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தைப் பழைய உருவிலேயே மீளக் கட்டுவதா, எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டுவைப்பதா என்ற விவாதமும் இவ்வகையினதே. உருவத்தை மீட்டல் இழிவைத் துடைக்கும். வடுவை விட்டுவைத்தல் உண்மையைக் காக்கும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. எந்நியாயத்தையும் கேளாது சுண்ணாம்பு பூசுவதே தவறு.

4. கல்முனைக் கரையோரத்தின் பள்ளிக்கூடங்கள்

இப்பின்னணியில் அம்பாறைக் கரையோரத்தை நோக்குவோம். 1961இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இது மட்டக்களப்பின் தென்புலமாக இருந்தது. கரையிலே மீன்பிடியும் தென்னையும், மருதமுனையிலே கைத்தறி நெசவும், மேற்கே வயல்வெளியும் என அமைந்த இந்நிலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில், பல இடங்களில் ஒரே தெருவின் இரு புறத்தில், வாழ்கின்றனர். இரு சமூகத்தவரும் தாய்வழிக் குடிமுறையையும் தமிழ் மொழியையும் பொதுவாகக் கொண்டவர்.

1814இல் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு வந்ததோடு மெதடிஸ்த மிஷனின் கல்விப்பணி தொடங்கிற்று. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு, பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறை வகுக்கப்பட்டபின் அப்பணி கரையோர ஊர்களிலும் வேரூன்றியது. இன்றைய கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலை 1883இல் தோன்றியது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இளமையில் மெதடிஸ்த மிஷன் கல்முனையில் நடத்திய பாடசாலையிலேயே ஆங்கிலக் கல்வியைத் தொடங்கினார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின்பின், சம்மாந்துறையிற் பிறந்து முஸ்லிம் அரசியலின் தலைவராக உயர்ந்த எம். எச். எம். அஷ்ரப் உவெஸ்லியிற் பயின்றார். தமிழிசை ஆராய்ச்சியின் தலைமகனும் முஸ்லிம் தனித்துவ அரசியலின் முதல்வரும் கல்முனையில் ஒரே மிஷனின் கல்வி மரபினூடாகச் சென்றவர்கள் என்பது தற்செயல் அன்று. அக்காலத்தில் ஆங்கிலக் கல்விக்கு இருந்த வழி அத்துணை ஒடுங்கியது.

அவ்வழியிற் செல்ல முஸ்லிம்கள் நெடுங்காலம் தயங்கினர். மதமாற்ற அச்சம் ஒரு காரணம். வேளாண்மைப் பொருளாதாரத்திற் பிள்ளைகளின் உழைப்பு வேண்டப்பட்டமை மற்றொரு காரணம். அறிஞர் சித்தி லெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் இதழைத் தொடங்கி நவீன கல்வியை வலியுறுத்தினார். 1892இற் கொழும்பு மருதானையில் ஸாஹிறா உதயமாயிற்று. ஆயினும் கிழக்கில் மாற்றம் தாமதித்தே வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், நெல் விளையும் பூமியிற் கல்வி விளையாமையைக் கண்டார். விபுலாநந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் இங்கு குறிப்பிடத்தக்கது. கல்முனையிலே தொடங்கிய கல்விச் சங்க முயற்சி, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடளாவி விரிந்தது. 1949இற் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி தோன்றியது. கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரின் பெயர் அதன் தோற்றத்தோடு இணைந்து நிற்பது. அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலை கிழக்கின் முஸ்லிம் கிராமங்களுக்குத் தமிழ்மொழிமூல ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பிற்று. ஒரு தலைமுறையினுள் ஆசிரியத் தொழில் இப்பிரதேச முஸ்லிம் நடுத்தர வகுப்பின் முதுகெலும்பாயிற்று.

இவ்வெழுச்சியைத் தாங்கிய கட்டடங்கள் எத்தகையன? வட்டுக்கோட்டை போன்ற வியத்தகு உருவம் எதுவும் இங்கு இல்லை. நூறடி நீளமும் இருபதடி அகலமும் கொண்ட நெடிய மண்டபம், இடுப்பளவு உயர்ந்த அரைச் சுவர், மேலே திறந்தவெளி அல்லது மரச்சட்ட வலை, இருபுறமும் சரிந்த ஓட்டுக் கூரை, முன்னே தாழ்வாரம். வகுப்புக்களைப் பிரிப்பது கரும்பலகையே. இலங்கை முழுவதிலும் கல்வித் திணைக்களம் பரப்பிய இம்மாதிரியை 'நூறுக்கு இருபது' என்றே ஊரவர் அழைப்பர்.

இம்மண்டபத்தை அழகற்றதென ஒதுக்குவது எளிது. ஆனால் அதன் உள்ளியல்பை ஆராய்ந்தால் வேறொன்று புலப்படும். அரைச் சுவர் கடற்காற்றைக் குறுக்கே ஓடவிட்டு, மின்விசிறி அறியாத காலத்தில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பைக் குளிர்வித்தது. நீண்ட கூரைச் சரிவு மாரி மழையைச் சுவரினின்று விலக்கிற்று. உள்ளூர் மேசனும் தச்சனும் வெளியார் உதவியின்றிப் பழுதுபார்க்கக் கூடியதாக அது அமைந்தது. பலகைத் தட்டியை அகற்றினாற் கூட்ட மண்டபம். வாங்குகளை ஒதுக்கினால் தேர்தல் வாக்குச்சாவடி. வெள்ளத்தில் அகதி முகாம். ஒரு கட்டடம் இத்தனை பயனுக்கு இடந்தருவது அதன் கட்டடக் கலையின் சிறப்பே அன்றிக் குறையன்று.

ஒப்புமைக்குக் கியூபாவை நினைவுகூரலாம். 1961இல் அவானாவில், செல்வந்தரின் பொழுதுபோக்குக் கழகத்து நிலத்திற் கலைப் பள்ளிகள் கட்டத் தொடங்கினர். இறக்குமதிச் சீமெந்துக்கும் இரும்புக்கும் தட்டுப்பாடு நிலவியமையால், ரிக்கார்டோ பொறோ முதலிய மூன்று கட்டடக் கலைஞர் செங்கல்லையும் சுட்ட மண்ணோட்டையும் கொண்டு கத்தலோனிய வளைவுக் கூரைகளை எழுப்பினர். 1965இல் வேலை இடையில் நிறுத்தப்பட்டது. கட்டடங்கள் காட்டுக்கு இரையாயின. பல ஆண்டுகள் கழித்தே உலகு அவற்றின் பெறுமதியை உணர்ந்தது. தட்டுப்பாடு இலங்கையிலும் 1960களில் நிலவியது. ஜெப்ரி பாவா அன்வெலவில் அமைத்த பண்ணைப் பள்ளி போன்ற ஆக்கங்கள், உள்ளூர் ஓட்டையும் மரத்தையும் கொண்டே புதுமை படைத்தன. பெயர் பெற்ற கலைஞன் கைப்பட்டபோது கலையெனப் போற்றப்பட்ட அதே கட்டட நியாயம், பெயரற்ற மேசனின் கையில் 'பழைய ஹோல்' எனப்பட்டது. பெறுமதி மதிப்பீட்டில் வகுப்பு நோக்கு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

5. அழிவும் மாற்றமும்

1990இன் நிகழ்ச்சிகள் இக்கரையோரத்தின் கல்வி வரைபடத்தையே மாற்றின. அவ்வாண்டு ஓகத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். வீரமுனையிற் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். ஒருவர் மற்றவரின் ஊருக்குப் படிக்கச் செல்வது இயலாததாயிற்று. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் கல்வியைத் தொடர முடியாத முஸ்லிம் மாணவரின் தேவையே 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தற்காலிக இடத்தில் தொடங்கப்பட்டமைக்கு உடனடிக் காரணம். 1996 மேயில் அது பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் நிலைகொண்டது. பிரிவின் விளைவாகத் தோன்றிய அந்நிறுவனம் இன்று மூவின மாணவரையும் கொண்டுள்ளமை வரலாற்றின் முரண்; நம்பிக்கைக்கும் அதுவே இடம்.

2004 திசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையிலேயே மிகக்கூடிய உயிர்ச்சேதத்தை இம்மாவட்டத்தில் விளைவித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையை அண்டிய பள்ளிகள் அடித்துச் செல்லப்பட்டன. உள்ளே நின்ற பள்ளிகள் அகதி முகாம்களாயின. பின்னர் தெற்கிலும் மேற்கிலும் நூறு மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர் எனத் தடைவலயம் விதிக்கப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களுக்கு இருநூறு மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதியாகும். வெளிநாட்டு நன்கொடையோடு மாடிப் பள்ளிகள் எழுந்தன. தேவை உண்மையானது, உதவி போற்றத்தக்கது. ஆனால் எந்தப் பள்ளி எங்கு நின்றது, அதிற் படித்தோர் யார், மாண்டோர் யார் என்னும் பதிவு பல இடங்களில் நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்குப் பின்னே மறைந்தது.

இதற்கு மறுதலையான காட்சி நுரைச்சோலையில் உள்ளது. ஆழிப்பேரலையாற் பாதிக்கப்பட்டோருக்கென அக்கரைப்பற்றுப் பிரதேசத்திற் சவூதி அரேபிய உதவியோடு 500 வீடுகளும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் பள்ளிவாசலும் கட்டப்பட்டன. யாருக்குப் பகிர்வது என்ற இன விகிதாசாரப் பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளின்றிப் பற்றைக்காடாயின. பழைய பள்ளி பயனால் தேய்ந்தது. இப்புதிய பள்ளியோ பயனின்மையாற் சிதைந்தது. கட்டடத்தைக் காப்பது சீமெந்து அன்று, சமூக உடன்பாடே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை.

6. சட்டமும் அச்சமும்

பேணுதல் பற்றிப் பேசும்போது சட்டத்தை நோக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச்சு 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே தொன்மைச் சின்னமென வரையறுத்தது. அத்திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். ஓர் அரச வம்சத்தின் முடிவு தொன்மையின் எல்லையாக்கப்பட்டது. பிற்காலத்தனவற்றைச் சிறப்பு அறிவித்தல் மூலம் காக்க வழியுண்டு. எனினும் அது விதியன்று, விலக்கு. இவ்வரையறையின்படி வட்டுக்கோட்டைத் தேவாலயம் தொன்மைச் சின்னமாகலாம். உவெஸ்லியும் ஸாஹிறாவும் மத்திய பாடசாலைகளும் ஆகா. பொதுமக்கள் கல்வியுரிமை பெற்ற காலம் முழுவதும் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் அண்மைக்காலமாகிவிடுகின்றது.

கிழக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கு 'தொல்பொருள்' என்ற சொல் அறிவைக் காட்டிலும் அச்சத்தையே முதலில் எழுப்புகின்றது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியின் தொடக்க உறுப்பினர் பட்டியலில் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை. பாதுகாப்புச் செயலாளர் அதன் தலைவரானார். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தில், மரபுரிமை என்பது நிலத்தை இழக்கும் வழி என மக்கள் கருதியதில் வியப்பில்லை. ஆகவே பள்ளி வளாகத்தைச் சின்னமாக அறிவியுங்கள் என்றால், 'பிறகு நாங்கள் ஓர் ஆணி அறையவும் அனுமதி கேட்க வேண்டுமா?' என அதிபரும் பெற்றோரும் வினவுவர். அவ்வினா நியாயமானதே.

இவ்வச்சத்துக்கு விடை மரபுரிமையைக் கைவிடுவதன்று; அதனை மக்கள் தாமே கையேற்பதாகும். இந்தியாவின் அனுபவம் ஒன்று இதற்கு உதவும். அகமதாபாத் முகாமை நிறுவனத்தில் லூயி கான் அமைத்த 18 விடுதிகளுள் 14ஐ இடிக்கப்போவதாக 2020 திசெம்பரில் நிருவாகம் அறிவித்தது. பழைய மாணவரும் கட்டடக் கலைஞரும் எழுப்பிய எதிர்ப்பால் 2021 சனவரி முதல் நாளில் அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. எனினும் 2022இல் மீள்கட்டுமானம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. உலகப் புகழ்பெற்ற கலைஞனின் ஆக்கத்துக்கே நிலை இதுவெனில், பெயரற்ற மண்டபத்தைக் காப்பது ஊரவர் கையிலேயே உள்ளது.

7. எதனைப் பேணுவது, எதனை மாற்றுவது

1964இன் வெனிசுப் பட்டயம், சமூகத்துக்குப் பயன்படும் தேவைக்குக் கட்டடத்தை உட்படுத்துவது அதனைப் பேணுதற்கு உதவும் என்றது. 1979இல் அவுத்திரேலியாவில் வகுக்கப்பட்ட பர்ராப் பட்டயமோ, ஓரிடத்தின் பண்பாட்டுப் பெறுமதி அதன் கல்லில் மட்டுமன்றி, அதனோடு தொடர்புடைய மக்களின் நினைவிலும் பயன்பாட்டிலும் உண்டென வற்புறுத்தியது. இரண்டையும் இணைத்து நோக்கின் பின்வருவன பெறப்படும்.

முதலாவதாக, ஒவ்வோர் ஊரிலும் உள்ள பழைய பள்ளிக் கட்டடங்களின் அட்டவணை தயாரிக்கப்பட வேண்டும். கட்டிய ஆண்டு, அளவு, பொருள், பயன் மாற்றம் ஆகியவற்றோடு படித்தோர் வாய்மொழியும் திரட்டப்பட வேண்டும். சம்பவத் திரட்டுப் பதிவேடுகளும் சேர்வு இடாப்புக்களும் கறையானுக்கு இரையாகுமுன் படியெடுக்கப்படல் அவசியம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. தென்கிழக்கு, கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் இணைந்து ஒரு விடுமுறைக் காலத்தில் தொடங்கக்கூடிய பணி இது.

இரண்டாவதாக, அனைத்தையும் பேண வேண்டியதில்லை. ஒவ்வொரு பழைய வளாகத்திலும் ஒரு மண்டபத்தையேனும் அரைச் சுவரும் ஓட்டுக் கூரையும் சிதையாமற் காத்து, நூலகமாகவோ ஊர் வரலாற்றுக் காட்சியகமாகவோ முன்பள்ளியாகவோ பயன்படுத்தலாம். புதிய வகுப்பறை கேட்கும் பிள்ளைக்குப் பழஞ்சுவரைக் காட்டிச் சமாதானம் கூறுவது கல்விக்கும் வரலாற்றுக்கும் செய்யும் அநீதி. இடநெருக்கடி நிலவும் பள்ளியிற் பேணுதல் என்பது கற்போரின் உரிமைக்கு உட்பட்டதாகவே இருக்க முடியும்.

மூன்றாவதாக, நினைவில் தெரிவு செய்தல் ஆகாது. ஒரு பள்ளி முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என இன்று வகைப்படுத்தப்பட்டிருப்பினும், அதிற் படித்தோரும் படிப்பித்தோரும் அவ்வகைப்பாட்டுள் அடங்காதவர். முஸ்லிம் ஊர்ப் பள்ளிகளிற் பல்லாண்டு பணியாற்றிய தமிழ் ஆசிரியர்களும், தமிழ்ப் பாடத்தில் முன்னின்ற முஸ்லிம் மாணவர்களும் இக்கரையோரத்தின் பொதுச் சொத்து. வளாக வரலாறு எழுதப்படும்போது அவர்களின் பெயர் விடுபடலாகாது. அகதியாக அங்கு தங்கியோரின் நினைவும், அங்கிருந்து காணாமற் போனோரின் நினைவும் அவ்வாறே.

இறுதியாக, இது ஆய்வாளரின் விருப்பம் பற்றிய பிரச்சினை அன்று. கிழக்கில் நிலமும் வரலாறும் ஒன்றையொன்று சாட்சிக்கு அழைக்கும் காலத்தில், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல் மட்டுமே சாட்சியெனக் கொள்ளப்பட்டால், உழைக்கும் மக்கள் எழுத்தறிவு பெற்ற எழுபது எண்பது ஆண்டுகள் சாட்சியற்றுப் போகும். நெசவாளியின் மகனும் கரைவலை இழுத்தவரின் மகளும் ஆசிரியராகவும் மருத்துவராகவும் வெளிவந்த மண்டபம் கோட்டையினும் மாளிகையினும் குறைந்த வரலாற்றுப் பெறுமதி உடையதன்று. அதனைக் காப்பதற்கு ஊர் முன்வருமாயின், அதற்கெனப் புதுச் சட்டம் கேட்கும் தகுதியும் ஊருக்குத் தானாகவே வந்து சேரும்.